மொட்டை மாடி சஸ்பென்ஷன்

நம் டில்லி சரோஜினி நகர் பழைய பிள்ளைகள் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் உங்களில் யாரோ ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ போட்டிருந்தீர்கள். மாடிப்படியில் நாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். கீழே ஒரு வரி வேறு: "பெரியவர்கள் வீட்டில் இல்லை, போன் இல்லை, டிவி இல்லை. எவ்வளவு ஒழுங்காக வளர்ந்தோம்!" அவ்வளவுதான், ஆளாளுக்குக் கை கூப்பி, இதயம் போட்டு, கண்ணீர் விட்டுத் தீர்த்துவிட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. அந்தப் போட்டோவில் நான் இருக்கிறேனா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு பாவாடை நுனி தெரிகிறது. அது நானாக இருக்கலாம்.

ஒழுங்காக வளர்ந்தோமாம். அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, இந்த வயசுக்கு மேல் யாருக்குப் பயப்படுவது?

லைப்ரரி வேனில் எடுத்துப் படித்த கதைகள் ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் ஊருக்குப் போய்விட்டால் கதையில் வரும் பிள்ளைகள் குகைக்குள் போய்ப் புதையல் எடுப்பார்கள். கள்ளக்கடத்தல்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பார்கள். அப்புறம் வளர்ந்த பிறகு வேறு மாதிரிக் கதைகளும் படித்தோம். அதில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு காட்டுமிராண்டிகளாகிவிடுவார்கள். நாம் இரண்டும் செய்யவில்லை. நாம் சென்ட்ரல் கவர்ன்மென்ட் பிள்ளைகள். நாம் ஆபீஸ் வைத்தோம்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எமர்ஜென்சி எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த அந்தக் கோடை லீவை நீங்கள் யாரும் முழுசாக ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள். மறந்துவிடுவது உங்களுக்கு வசதி. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மேல் மாடியில் செக்ஷன் ஆபீசர் மாமா வீடு. மாமியும் இன்னொரு மினிஸ்ட்ரியில் வேலை. அந்த வீட்டின் பின் ரூமில்தான் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். அப்பா ஊரில், நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சர்க்கார் குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விடக் கூடாது. ஆனால் யார்தான் விடவில்லை? இன்ஸ்பெக்ஷன் என்று யாராவது வந்து கேட்டால் அம்மா மாமியின் தங்கை, நான் சித்தி மகள். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மற்ற நாளில் நான் யார் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பின் ரூமுக்குப் பின்பக்கப் படி வழியாகத் தனி வாசல். அந்த ரூமுக்கும் மாமியின் ஹாலுக்கும் நடுவே ஒரு கதவு. தாழ்ப்பாள் மாமி பக்கம். அம்மாவுக்கு அந்தக் கோடை முழுக்க நைட் டியூட்டி. காலையில் வந்து குளித்து, ஈரத் துணியைத் தலைமாட்டில் விரித்துப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். ஒரே ரூம், ஒரே கட்டில். நான் உள்ளே இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. அதனால் பகலெல்லாம் நான் முன்பக்கம் போய் உங்களோடு இருப்பது என்று ஏற்பாடு.

முதல் நாள் காலையில் நான் டிபன் டப்பா வைத்த துணிப் பையோடு படியேறி வருகிறேன். மாமி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே மகனிடம் சொல்கிறாள்: "டேய், வெளி மனுஷா வந்து போற ஆத்துல இருக்கோம். சாமானெல்லாம் பத்திரம். ஒரு கண்ணு வெச்சுக்கோ." நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி திரும்பி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வாடி கண்ணா, ஜல்தி உள்ள வா, வெயில்" என்றாள். அந்தச் சிரிப்பும் நிஜம், முன்னால் சொன்னதும் நிஜம். அது புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

மாமி மகன்தான் நம்மில் பெரியவன். அவன் ஆபீசர். எதிர் வீட்டுப் பெண் ஸ்டெனோ. கீழ் வீட்டு இரட்டையர்கள் கிளார்க்குகள். ஆபீசரின் தங்கை, அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பொடிசு, அவள் பியூன். நான் கடைசியாக வந்ததால் டெம்பரவரி. இஸ்திரி மேஜைதான் ஆபீசர் டேபிள். அதன் மேல் உருளைக்கிழங்கை வெட்டிச் செய்த ரப்பர் ஸ்டாம்ப், மசித் தட்டு, பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு. கூலர் ஓடும். வெட்டிவேர்த் தட்டி நனைந்து வரும் அந்த வாசனை இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு முதலில் முதுகு நிமிர்ந்துவிடும்.

தண்ணி குடிக்கப் போக பர்மிஷன். பாத்ரூமுக்கு பர்மிஷன். குல்ஃபிக்காரன் மணி அடித்தால் ஆபீசர் எழுந்து ஜன்னல் வழியாக "பையா, ருக்கோ!" என்று கத்தி அவனை நிறுத்தும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இதையெல்லாம் யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்பாமார்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது. நமக்கு ஊர்த் தமிழ் சரியாக வராது. ஆனால் இன்க்ரிமென்ட், மெமோ, சார்ஜ் ஷீட் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு.

சாயங்காலம் திரும்பி வரும் பெரியவர்களுக்கு ஒரே பெருமை. "எங்காத்துப் பசங்க தங்கம். ஒரு சண்டை இல்லை, சத்தம் இல்லை" என்று மாமி தெருவெல்லாம் சொல்லுவாள். பிள்ளைகள் சத்தமே போடாமல் இருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

இப்போது டிரான்சிஸ்டர் கதைக்கு வருகிறேன். மாமாவின் டிரான்சிஸ்டர். ஓட்டை ஓட்டையாகப் போட்ட தோல் உறை, தோளில் மாட்ட வார். ஹால் ஷெல்பில் திரைக்குப் பின்னால் இருக்கும். யாரும் தொடக் கூடாது என்று கண்டிப்பு. தினம் மத்தியானம் லஞ்ச் டயத்தில் ஆபீசர் அதை எடுத்து, சன்னமாக வைத்து, நாம் எல்லோரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு சினிமாப் பாட்டு கேட்போம். பிறகு முள்ளைப் பழைய இடத்துக்கே திருப்பி, திரையை இழுத்துவிடுவான். ஒழுங்கான பிள்ளைகள்தானே!

மாமா டூர் போனார். அன்று மத்தியானம் ஆபீசர் திரையை விலக்கினால் ஷெல்ப் காலி. எல்லோர் முகமும் வெளுத்துப் போனது. அப்பா டூருக்கு அதை எடுத்துப் போனதே இல்லை என்றான் அவன். மாமி ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் எப்படிக் கேட்பது? தொடக் கூடாத திரைக்குப் பின்னால் எதற்குப் பார்த்தாய் என்று முதல் அறை அவனுக்கு அல்லவா விழும்?

"அம்மாகிட்ட யாரும் வாயைத் திறக்கப்படாது. இது டிபார்ட்மென்டல் என்கொயரி" என்றான்.

மறுநாள் காலை என்கொயரி. உங்களை எல்லாம் வரிசையாக நிறுத்திக் கேட்டான். எல்லோரும் "நஹீ சார்" என்றீர்கள். என் முறை வந்தது.

"பின் ரூம்லேர்ந்து வரவ நீ ஒருத்திதான்" என்றான்.

"அதுக்கு?"

"அதுக்குத்தான் கேக்கறேன். பையைத் தொற."

பையை வாங்கி இஸ்திரி மேஜை மேல் கவிழ்த்தான். டிபன் டப்பா, கைக்குட்டை, உடைந்த சிலேட்டுக் குச்சி. டப்பாவையும் திறந்து பார்த்தான். இரண்டு ரொட்டி, சர்க்கரை. அத்தனை பெரிய டிரான்சிஸ்டர் அந்த டப்பாவுக்குள் எப்படிப் போகும் என்று அப்போது ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே! நானும் ஒரு நிமிஷம் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"உன்னை சஸ்பெண்ட் பண்றேன். சஸ்பென்ஷன் தண்டனை இல்லை, தெரியுமோல்லியோ? என்கொயரி முடியறவரைக்கும்தான். அப்பா சொல்லிருக்கார்." அவன் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நியாயமாக நடக்கிறோம் என்ற தெம்புதான் இருந்தது. சஸ்பெண்ட் ஆனவர்கள் ஹெட்குவார்ட்டர்ஸை விட்டுப் போகக் கூடாது என்பது ரூல். எனக்கு எது ஹெட்குவார்ட்டர்ஸ் என்று கொஞ்ச நேரம் பேசினீர்கள். மொட்டை மாடி என்று முடிவாகியது. ஸ்டெனோ, நீதான் அந்த இடத்தைச் சொன்னாய். படிக்கட்டு என்றால் போகிற வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்றாய்.

"எங்க அம்மாட்ட சொல்லுவேன்" என்றேன்.

"சொல்லு. அப்பா வந்ததும் ரூமைக் காலி பண்ணச் சொல்லுவேன். அப்பறம் எங்க போவேள்?"

அந்த ரூமுக்காக அம்மா கரோல் பாகிலிருந்து ஜனக்புரி வரைக்கும் எத்தனை வீட்டு வாசலில் நின்றாள் என்று எனக்குத் தெரியும். நர்ஸ் என்றதும் கதவை அரைவாசி மூடியவர்களையும் தெரியும். மாடி ஏறினேன்.

டில்லி ஜூன் மாத மொட்டை மாடி. லூ என்கிற அனல் காற்று அடித்தால் கண்ணிமை காய்ந்துபோகும். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கொஞ்சம் நிழல் உண்டு. சூரியனோடு அது நகரும், நானும் கூடவே நகருவேன். உச்சிவெயிலில் நிழல் என் பாதம் அளவுக்குச் சுருங்கிவிடும். செருப்பைக் கழற்றிப் போட்டு அதன் மேல் உட்காருவேன். நீங்கள் கெட்டவர்கள் என்று நான் அப்போது நினைக்கவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு செய்யாதவளுக்கு என்கொயரியில் நல்ல ஆர்டர் வரும் என்று உங்களைவிட நான்தான் அதிகமாக நம்பினேன்.

பொடிசு பியூன் மத்தியானம் தண்ணி கொண்டுவருவாள். அரை டம்ளர். முதல் நாள் நான், "முழுசா கொண்டு வாயேன்" என்றேன்.

"அண்ணா பாதிதான் தரணும்னான்" என்றாள். சஸ்பெண்ட் ஆனவர்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. அது அலவன்ஸ். அதனால் எனக்குப் பாதித் தண்ணீர், பாதி பிஸ்கட், குல்ஃபி வாங்கின நாளில் பாதி குல்ஃபி. அது படியேறி வருவதற்குள் குச்சிதான் மிச்சம் இருக்கும். நீங்கள் ஏமாற்றவில்லை. சரியாகப் பாதி கொடுத்தீர்கள். எந்தக் காட்டுமிராண்டிக்கு அந்த நேர்த்தி வரும்?

தினமும் படியில் குரல் கொடுத்துக் கேட்பேன், "என்கொயரி முடிஞ்சாச்சா?" என்று. "அட்ஜர்ன்ட்" என்று பதில் வரும். மாமா ஆபீஸில் யாரோ ஒருவரின் கேஸ் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்ததாம். அதைப் பார்த்துத்தான் நம் ஆபீசரும் தள்ளித் தள்ளி வைத்தான்.

சாயங்காலம் அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "என்ன மக்களே, இப்பிடிக் கறுத்துப் போயிட்ட? வெயில்ல கெடந்து ஆடுதியா?"

"விளையாடினேம்மா."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "ஆடு, நல்லா ஆடு. கூட்டு கிடச்சுதே, அது போரும்" என்பாள். என் அம்மா ஊரார் காய்ச்சலை எல்லாம் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். என் சூட்டை மட்டும் விளையாட்டு என்று நினைத்தாள்.

ஒரு மத்தியானம் மேற்கே வானம் மஞ்சளாகிப் பிறகு செங்கல் நிறமாகியது. ஆந்தி, புழுதிப் புயல். ஆந்தி வந்தால் எல்லாக் கதவையும் ஜன்னலையும் தாழ்போட வேண்டும் என்பது மாமி உங்களுக்குச் சொல்லிவைத்த முதல் பாடம். நான் தொட்டி நிழலிலிருந்து எழுந்து ஓடி வருவதற்குள் மாடிக் கதவு உள்பக்கம் தாழ் விழுந்த சத்தம் கேட்டது. தட்டினேன். உதைத்தேன். வாயைத் திறந்தால் மண். எங்கிருந்தோ ஒரு தகரம் பறந்து வந்து தொட்டியில் மோதியது.

கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றிருந்தீர்கள். ஊளையிட்ட காற்றிலும் உங்கள் பேச்சு துண்டு துண்டாகக் கேட்டது. இரட்டையரில் ஒருத்தன் "தொறந்துடலாண்டா" என்றான். ஸ்டெனோ, நீ "மண்ணெல்லாம் உள்ள வந்துடும், மாமி வைவா" என்றாய். ஆபீசர் என்ன சொன்னான் தெரியுமா? "சஸ்பென்ஷன்ல இருக்கறவாளை உள்ள விட ஆர்டர் வேணும். இரு, யோசிக்கணும்" என்றான்.

யோசித்துக்கொண்டிருந்தான். அவன் கல்மனசுக்காரன் இல்லை. பயந்துபோயிருந்தான், அது குரலிலேயே தெரிந்தது. பயந்துபோன பையன் கையில் கிடைத்தது ஒரு ரூல். அதைப் பிடித்துக்கொண்டான்.

பொடிசுக்கு மாடிக் கதவின் தாழ் எட்டாது. அவள் கீழே ஓடியிருக்கிறாள். ஹாலில் யாரும் தொடாத அந்த நடுக்கதவின் தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டியிருக்கிறது. அதை இழுத்துத் திறந்து, தூங்குகிற என் அம்மாவை உலுக்கி எழுப்பியிருக்கிறாள். பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது அம்மாவின் அவிழ்ந்த தலைமுடியும், அவள் மேல் அடித்த ஆஸ்பத்திரி லோஷன் வாடையும்தான். என் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் மண்ணைத் துடைத்துக்கொண்டே, "மக்களே, மக்களே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு சரியாக வரப் பொழுது சாய்ந்துவிட்டது.

மாமி வந்தாள். விஷயம் கேட்டாள். நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் "விளையாடிண்டிருந்தோம்" என்றீர்கள். மாமி அம்மாவிடம் சொன்னாள்: "கொழந்தையைக் கொஞ்சம் கண்டிச்சு வெய்யுங்கோ சிஸ்டர். மொட்டை மாடிக்கெல்லாம் தனியா போறா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க தலைக்குன்னா வரும்?" சொல்லிக்கொண்டே நடுக்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பிள்ளைக வெளயாட்டு மாமி. இனி போவாது" என்றாள். ரூம், பாருங்கள். அவளும் ரூமைத்தான் நினைத்தாள். அவளை நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அந்தக் குனிந்த தலையை மறக்கவும் இல்லை.

அடுத்து வந்த ஒரு நாள் சாயங்காலம் நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்டது. முதலில் கனவோ என்று நினைத்தேன். கதவில் காதை வைத்தேன். மாமா டூரிலிருந்து வந்திருக்கிறார். "ரயில்ல இது இல்லேன்னா பைத்தியம் பிடிச்சிருக்கும்டீ" என்று மாமியிடம் சொல்லிச் சிரிக்கிறார். டிரான்சிஸ்டர் அவரோடுதான் போய் வந்திருக்கிறது! அன்று ராத்திரி முழுக்க எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காலையில் எல்லோரும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.

காலையில் போனேன். ஆபீசர் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். என்னை நேராகப் பார்க்கவில்லை.

"கேஸ் முடிஞ்சுது. உனக்கு பெனிஃபிட் ஆஃப் டவுட் குடுத்து விட்டாச்சு. டியூட்டில ஜாயின் பண்ணலாம்."

"எதுல டவுட்? டிரான்சிஸ்டர்தான் வந்துட்டுதே?"

"அப்படித்தான் ஆர்டர் போடணும்" என்றான். உருளைக்கிழங்கு ஸ்டாம்பை மசியில் தோய்த்து என் புறங்கையில் ஓங்கி ஒரு குத்து குத்தினான். நீங்கள் கை தட்டினீர்கள். நிஜமாகவே சந்தோஷமாகத் தட்டினீர்கள். லீவு முடிந்ததும் அம்மா வேறு இடம் பார்த்துவிட்டாள்.

பெரியவர்கள் இல்லை என்று குரூப்பில் எழுதியிருக்கிறீர்களே, யார் இல்லை? மாமி "ஒரு கண்ணு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அந்தக் கண் வீட்டிலேயே இருந்தது. அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது கைப்பையைத் திறந்து, எதையோ தேடுகிற மாதிரி, அவர்களுக்குத் தெரியும்படி பிடிப்பேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை அதற்காகத் தலையில் அடித்துக்கொள்வார். "எவன்டி உன் பையைப் பாக்கப் போறான்?" என்பார். நிஜம்தான். ஒருத்தரும் பார்த்ததில்லை. மரியாதைப்பட்ட மனுஷர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கும் அவர்கள் அப்படித் திருப்பிக்கொள்வதைப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

போன மாதம் ஆபீசர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஞ்சியோ பண்ணிக்கொண்டு படுத்திருக்கிறான் என்று நீங்கள்தான் குரூப்பில் போட்டிருந்தீர்கள். பெரிய பதவியில், ஊழல் கேஸ் விசாரிக்கிற விஜிலன்ஸில், ரிடையர் ஆனவன். பொடிசும் வந்திருந்தாள், அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. காபி கொடுத்தார்கள், முழு டம்ளர். அவன் மனைவியிடம் என்னைக் காட்டிச் சொன்னான்: "இவ யார் தெரியுமா? சின்ன வயசுல எங்காத்துல ஏதோ எடுத்துட்டா. என்னன்னு மறந்துபோச்சு. நாங்கதான் போனாப் போறதுன்னு மன்னிச்சு விட்டோம். இல்லையாடீ?"

அவன் மனைவி சங்கடமாகச் சிரித்தாள். பொடிசு மட்டும், "அண்ணா, அவ ஒண்ணும் எடுக்கலை" என்றாள்.

"எடுத்தான்னு நான் சொல்லலையே. பெனிஃபிட் ஆஃப் டவுட் குடுத்தேனோன்னோ" என்றான்.

நான் எழுந்துகொண்டேன். கை தானாகப் பையைத் திறந்து அவன் முன்னால் பிடித்தது. பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

அவன் தலையணையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினான். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அச்சா" என்றான். "போயிட்டு வா."